பிட்காயின் உடையாது, தம்பி மகனின் ஃபோன் உடையலாம்

கேள்வி: ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகனிடம் 4 லட்சம் ரூபாய் கொடுத்தேன். அவன் பேரிலேயே காயின் வாங்கி விற்கும் ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சில் கணக்கு திறந்து, பாதிக்கு மேல் பிட்காயின், மீதியில் யூஎஸ்டிடியும் (டாலர் விலையோடு ஒட்டி நிற்கும் காயின்) இரண்டு சின்ன காயின்களும் வாங்கி வைத்திருக்கிறான். "இதுக்கு மையமே கிடையாது பெரியப்பா. ஹேக்கரும் தொட முடியாது, கவர்ன்மெண்டும் தொட முடியாது" என்கிறான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆனது, ஆயிரம் கோடி போனது என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எது உண்மை? பெரிய கம்பெனிகளோ, அமெரிக்கா, சீனா மாதிரி அரசாங்கங்களோ நினைத்தால் இதைக் கவிழ்க்க முடியாதா? இன்னொன்று, தர்மபுரியில் தெரிந்தவர் ஒருவர் புதுக் காயின் ஒன்றில் மாதம் 8 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். அதில் போடலாமா?
வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: யாரிடம் எத்தனை காயின் என்று எழுதும் பிட்காயினின் கணக்கேட்டைப் பொறுத்தவரை உங்கள் தம்பி மகன் சொல்வது ஏறக்குறைய சரி. அதன் முதல் பக்கம், அதாவது முதல் பிளாக், 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கணக்கேட்டையே உடைத்து ஒருவர் காயினை இன்னொருவர் எடுத்ததில்லை. சிக்கல் என்னவென்றால், உங்கள் 4 லட்சம் அந்தக் கணக்கேட்டில் உங்கள் பேரில் இல்லை.

மண்டிக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். விவசாயி தக்காளியை இறக்கிவிட்டு, சிட்டையை வாங்கிக்கொண்டு, "பணம் உங்ககிட்டயே இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்" என்று போகிறார். அவரிடம் இருப்பது உங்கள் நோட்டில் எழுதின ஒரு வரி. மண்டி நாணயமாக நடக்கும்வரை அந்த வரியும் பணமும் ஒன்றுதான். எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் தெரியும் பிட்காயினும் அதே போன்ற ஒரு வரி. உண்மையான காயின் எக்ஸ்சேஞ்சின் வாலட் எனப்படும் பெட்டியில், எக்ஸ்சேஞ்சின் சாவிக்குள் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த வரிகூட தம்பி மகனின் பான் எண்ணில் இருக்கிறது. மையமே இல்லை என்று சொல்லப்படும் பொருளுக்கு உங்களைப் பொறுத்தவரை இரண்டு மையம் வந்துவிட்டது: ஒரு கம்பெனி, ஓர் ஆண்ட்ராய்டு ஃபோன்.

முதலில் கணக்கேடு ஏன் தாங்குகிறது என்று பார்ப்போம். காயினைச் செலவழிக்க பிரைவேட் கீ எனப்படும் ரகசிய எண் வேண்டும். இரண்டை 256 முறை அடுக்கிப் பெருக்கினால் வரும் எண் 78 இலக்கம் கொண்டது; அவ்வளவு சாத்தியங்களுக்குள் ஒன்றுதான் உங்கள் சாவி. குருட்டாம்போக்கில் தேடி அதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது பாதுகாப்பு, கணக்கேட்டின் முழுப் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருப்பது. நோடு எனப்படும் அந்தக் கணினி ஒவ்வொன்றும் புதிதாக வரும் ஒவ்வொரு வரியையும் விதிப்படி தானே சரிபார்க்கிறது. ஒரு டிபி எஸ்எஸ்டி, ஒரு சின்னக் கணினி, நிற்காத இணையம் இருந்தால் ஓசூரில் ஒரு வீட்டிலேயே நோடு ஓட்டலாம். அது எவர் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை.

கணினி இயந்திரங்களை ஓட்டிப் போட்டியிட்டு கணக்கேட்டில் புது பிளாக் எழுதும் வேலைக்குப் பெயர் மைனிங். அதைச் செய்பவர்கள் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் எழுதுகிறார்கள். மைனிங் திறனில் பாதிக்கு மேல் ஒருவர் கைக்குப் போனால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதும் அவரால் உங்கள் காயினை எடுக்க முடியாது, 2.1 கோடி என்ற உச்சவரம்பைத் தாண்டி ஒரு காயின்கூட அடிக்க முடியாது. நோடுகள் அந்தப் பிளாக்கை வாங்காமலே தள்ளிவிடும். அவரால் முடிவது இரண்டு. தான் கொடுத்த பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்: லோடு ஏற்றி வண்டி கிளம்பிய பிறகு செக் திரும்புவது மாதிரி. பிறர் பரிவர்த்தனையை எழுதாமல் தள்ளிப்போடலாம். இதன் கணக்கை, பிட்காயினை உருவாக்கிய சத்தோஷி நகமோட்டோவின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே போட்டிருக்கிறார்கள். 10 சதவீதத் திறன் வைத்திருப்பவர் 6 பிளாக்குக்குப் பிறகு பணத்தைத் திருப்பி இழுக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் 2 அல்லது 3. 30 சதவீதம் வைத்திருப்பவருக்கு 10 பிளாக் ஆன பிறகும் நூற்றுக்கு 4. பெரிய தொகை வரும்போது ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்குதான்.

மென்பொருளை எழுதுவது மனிதர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 ஆகஸ்டில் ஒரு பிழையைப் பயன்படுத்தி ஒரே பிளாக்கில் 18,000 கோடிக்கு மேல் பிட்காயினை ஒருவர் உருவாக்கினார். சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது, ஒரு நாளுக்குள் கெட்ட சங்கிலி (பிளாக்குகளின் வரிசை) கைவிடப்பட்டது. 2018 செப்டம்பரில் ஒரே காயினை இருமுறை செலவழிக்க இடம் கொடுக்கும் இன்னொரு பிழையை, யாரும் பயன்படுத்துவதற்கு முன்பே கண்டு அடைத்தார்கள். பிட்காயினைப் பற்றி எனக்கு உள்ள பெரிய பயம் இந்த வகைதான். ரகசிய எண்ணைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடக்கூடிய குவாண்டம் கணினி பற்றிய பயம் அதற்கு அடுத்தது. அதற்கு இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, ஒரு முகவரியில் (காயின் வந்து சேரும் கணக்கு எண் மாதிரி) காயின் வாங்கிச் செலவழித்த பிறகு அதே முகவரியை மறுபடி பயன்படுத்தாமல் இருப்பது.

இந்த உறுதியை உங்கள் இரண்டு சின்னக் காயின்களுக்கும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். மைனிங் குறைவாக உள்ள சங்கிலியைத் தாக்கச் சொந்த இயந்திரம்கூட வேண்டாம், வாடகைக்கு எடுத்தால் போதும். பிட்காயின் கோல்டு 2018இல் அப்படி அடிவாங்கியது. எத்தீரியம் கிளாசிக் 2019 ஜனவரியில் ஒருமுறை, 2020 ஆகஸ்டில் மட்டும் மூன்று முறை. இந்தக் கிளாசிக் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2016 ஜூனில் எத்தீரியம் சங்கிலியில் டாவோ என்ற திட்டத்தின் நிரல் ஓட்டை வழியாக 36 லட்சம் ஈத்தர் (அந்தச் சங்கிலியின் காயின்) உருவப்பட்டது. ஜூலை 20 அன்று எத்தீரியத்தில் பெரும்பாலோர் கணக்கேட்டையே திருத்தி எழுதி அதை மீட்டார்கள். எழுதியதை மாற்றக் கூடாது என்றவர்கள் பழைய ஏட்டைத் தொடர்ந்தார்கள், கிளாசிக் அதுதான். கொள்கையில் கறாராக நின்ற சங்கிலிக்குக் காவல் போதவில்லை. 2022 அக்டோபரில் பிஎன்பி என்ற இன்னொரு காயினின் சங்கிலியில் 20 லட்சம் பிஎன்பி முறைகேடாக உருவானபோது, சங்கிலியையே சில மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. ஆனால் திருடனை நிறுத்த முடிந்த கை உங்களையும் நிறுத்தும். ஒரு காயினை வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை யார் நிறுத்த முடியும், யார் முடக்க முடியும், யார் திருப்பி எழுத முடியும்?

யூஎஸ்டிடியில் இரண்டாம் கேள்விக்கு விடை தெளிவாக இருக்கிறது. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் எந்த முகவரியையும் ஒரே கட்டளையில் முடக்கலாம். விசாரணை அமைப்புகள் கேட்டு அப்படி முடக்கிய முகவரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நல்லவருக்கு இதில் என்ன பயம் என்று கேட்பீர்கள். உங்கள் கைக்கு வந்த யூஎஸ்டிடி இரண்டு கை முன்னால் மோசடிப் பணமாக இருந்திருந்தால், விளக்கம் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். டாலர் விலையில் அசையாமல் நிற்கும் காயின் என்று அதை வையுங்கள். மையம் இல்லாதது என்று நினைத்து வைக்காதீர்கள்.

செய்தியில் வரும் பெரிய திருட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்சேஞ்சிலும், ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குக் காயின் கடத்தும் பாலங்களிலும் நடந்தவை. 2014இல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் மூடியபோது கணக்கில் காணாமல் போனது சுமார் 8.5 லட்சம் பிட்காயின். 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. அந்த வாலட்டைத் திறக்க ஆறு பேரில் நான்கு பேரின் கையெழுத்து வேண்டும். நான்கும் முறையாகவே விழுந்தன. திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்து ஏறியது வேறொன்று. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் போனதும் அதே வழியில்தான். வாலட் மென்பொருள் செய்யும் ஒருவரின் கணினிக்குள் புகுந்து, கையெழுத்துப் போடும் பக்கத்தையே மாற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் வட கொரியக் குழுக்கள் காரணம் என்று அமெரிக்கா அறிவித்தது. எந்தச் சங்கிலியும் உடையவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான் உடைந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வெளியே நம்மூரில் நடப்பதுதான் இது.

வசீர்எக்ஸ் வாடிக்கையாளர்கள் காயினை எடுக்க முடியாமல் 15 மாதம் காத்திருந்தார்கள். தளம் 2025 அக்டோபரில்தான் மறுபடி திறந்தது. அதே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், கிரிப்டோ ஒரு சொத்து, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடியது என்று சொன்னது. வழக்கு போட அது துணை. நாளைக் காலை பணம் வேண்டுபவருக்கு அது உதவாது.

இனி அதிகாரம் உள்ளவர்கள் விஷயம். 2017 மே மாதம் நியூயார்க்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கூடி, பிட்காயின் பிளாக்கின் அளவை இரட்டிப்பாக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். உலக மைனிங் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் அவர்கள் பக்கம் இருந்தது. நோடு ஓட்டும் சாதாரணப் பயனர்கள் அந்த மென்பொருளை ஏற்றவில்லை. நவம்பர் 8 அன்று திட்டத்தைக் கைவிட்டார்கள். விதியை மாற்றும் அதிகாரம் இயந்திரம் வைத்திருப்பவரிடம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

சீனா 2021 மே, ஜூனில் மைனிங்கை விரட்டியது. உலகத் திறனில் ஏறத்தாழ பாதி சில வாரங்களில் அணைந்தது. பிளாக்குகள் தாமதமாக வந்தன. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கடினத்தன்மை (பிளாக் எழுதுவது எவ்வளவு கடினம் என்ற அளவு) ஜூலை 3 அன்று சுமார் 28 சதவீதம் இறங்கியது. 10 நிமிடக் கணக்கு பழைய நிலைக்கு வந்தது. இயந்திரங்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் கஜகஸ்தானுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆண்டு முடிவதற்குள் திறன் மீண்டுவிட்டது.

ஆனாலும் நான் முழு மதிப்பெண் போடமாட்டேன். ஃபவுண்ட்ரி யூஎஸ்ஏ, ஆன்ட்பூல் என்ற இரண்டு மைனிங் கூட்டுகள் (பலர் தங்கள் இயந்திரத் திறனை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) சேர்ந்து சமீப ஆண்டுகளில் பாதித் திறனைத் தொட்டிருக்கின்றன. கூட்டில் இருப்பவர்கள் இயந்திரத்தை வேறு கூட்டுக்குச் சில நிமிடத்தில் திருப்பிவிடலாம். 2014இல் ஜிஹாஷ் என்ற கூட்டு பாதியைத் தாண்டியபோது அப்படித்தான் விலகினார்கள். இருந்தும், எந்தப் பரிவர்த்தனையை எழுதுவது என்று தேர்ந்தெடுப்பவர் சிலரே என்பது பலவீனம். எத்தீரியத்தில் இது நடந்தே காட்டியது. 2022 ஆகஸ்டில் காயின் வந்த தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் என்ற சேவையை அமெரிக்கா தடைப்பட்டியலில் வைத்த சில மாதங்களில், பாதிக்கு மேற்பட்ட பிளாக்குகள் அந்தப் பரிவர்த்தனைகளை ஒதுக்கும் வழியாகவே வந்தன. மீதிப் பேர் எழுதியதால் அவை நின்றுபோகவில்லை, தாமதமாயின. தடை 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது.

நம் அரசுக்குச் சங்கிலியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ரூபாய் உள்ளே போகும் வாசலும் வெளியே வரும் வாசலும் அதன் கையில். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ்ஸும் வந்தன. 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் தகவல் தர வேண்டியவை. விலையும் அப்படித்தான், எந்தக் குறியாக்கத்தின் காவலிலும் இல்லை. பெரிய கை நிறைய விற்றால் விலை விழும். ஒரே நாளில் லாரி லாரியாக வரத்து வந்தால் தக்காளி விலை என்ன ஆகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் ஆடிட்டரிடம் போங்கள். உங்கள் பணம், வேறொருவர் பான் எண். காயின் தம்பி மகனிடமிருந்து உங்களுக்கு வந்தால் அதை அன்பளிப்பாகப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. பெரியப்பா கொடுத்துத் தம்பி மகன் வாங்கினால் உறவினர் விலக்கு உண்டு. தம்பி மகன் கொடுத்துப் பெரியப்பா வாங்கினால் அந்த விலக்குப் பட்டியலில் வராது. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வரிக் கேள்வி எழும். நீங்கள் 4 லட்சம் அனுப்பிய வங்கிப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் ஒரு ஏற்பாடு செய்த பிறகே நகர்த்துங்கள். இனி வாங்குவதை உங்கள் பான், உங்கள் ஆதார், உங்கள் ஃபோனில் வாங்குங்கள்.

எக்ஸ்சேஞ்ச் கணக்குக்குத் தனி இமெயில் வையுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியை நம்ப வேண்டாம், உங்கள் பேரில் இன்னொரு சிம் எடுத்துவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும். ஃபோனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்கள். காயினை வெளியே அனுப்பும் வசதி அந்த எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சிலவற்றில் கிடையாது, சிலவற்றில் கட்டுப்பாடு உண்டு.

நீண்ட காலம் வைக்கப் போகும் பிட்காயினுக்கு ஹார்டுவேர் வாலட் (சாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சின்னக் கருவி) வாங்கலாம். தயாரிப்பாளரின் தளத்திலோ, அந்தத் தளம் பெயர் சொல்லும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பழையது வேண்டாம். பெட்டிக்குள், வாலட்டை மீட்டெடுக்கும் ரகசியச் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்தால் அது பொறி, தூக்கிப் போடுங்கள். சொற்களைக் கருவியே உங்கள் கண்முன் உருவாக்க வேண்டும்: 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள், 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து. வரிசை மாறினால் வாலட் திறக்காது. பேனாவால் இரண்டு தாளில் எழுதுங்கள். ஃபோட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தம்பி மகனுக்கும்தான்.

பலர் தாண்டிப்போகும் படி அடுத்தது. 2,000 ரூபாய் அளவுக்கு மட்டும் காயினை அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் கருவியில் உள்ளதை முழுக்க அழித்து (ரீசெட் செய்து), தாளில் உள்ள சொற்களைக் கொண்டு மீட்டெடுங்கள். அதே இருப்பு தெரிந்தால் மீதியை அனுப்பலாம். கையெழுத்தில் ஒரு சொல்லைத் தவறாகப் படித்திருந்தால் இந்தச் சோதனையில் 2,000 ரூபாயோடு தெரிந்துவிடும். சோதிக்காதவருக்கு ஐந்து வருடம் கழித்து, கருவி பழுதான நாளில்தான் தெரியும்.

தாளைக் கரையான் தின்னும், ஈரம் அழிக்கும். பட்டறைகளில் எழுத்து அடிக்கும் பஞ்ச் செட் ஒன்றும் எவர்சில்வர் தகடு ஒன்றும் வாங்கி, நீங்களே அடியுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து போதும், பட்டியலில் அந்த நான்கு எழுத்து வேறு சொல்லுக்கு வராது. 24 சொல்லுக்கு அதிகபட்சம் 96 அடி. பட்டறைக்காரரிடம் கொடுத்து அடிக்கச் சொன்னால் சாவியை அவரிடம் கொடுத்ததாகிவிடும். தகடு ஓரிடம், தாள் வங்கி லாக்கரில். வீட்டில் ஒருவருக்காவது அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். நீங்கள் இல்லாமல் போனால் வாரிசுச் சான்றிதழைக் காட்டிப் பிட்காயினைத் திறக்க முடியாது.

அனுப்பும்போது முகவரியைக் கணினித் திரையில் பார்த்தால் போதாது. காப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ் உண்டு. கருவியின் சின்னத் திரையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை எடுக்காதீர்கள். முதலும் கடைசியும் ஒத்துப்போகிற முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி, பட்டியலில் நுழைந்து காத்திருப்பார்கள். யூஎஸ்டிடி அனுப்பும்போது நெட்வொர்க் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டிஆர்சி-20 (டிரான் நெட்வொர்க்) ஒரு பக்கம், இஆர்சி-20 (எத்தீரியம் நெட்வொர்க்) மறுபக்கம் என்றால் காயின் சிக்கிக்கொள்ளும்.

பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் முறையில் முகம் தெரியாதவருக்கு யூஎஸ்டிடி விற்காதீர்கள். வாங்குபவர் அனுப்பும் ரூபாய் எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கியதாக இருந்தால், வேறு மாநிலப் போலீஸ் கடிதம் போட்டு உங்கள் வங்கிக் கணக்கை முடக்கிவிடும். மண்டியின் கரண்ட் அக்கவுண்ட் முடங்கினால் சிட்டைப் பணம் கேட்டு வரும் விவசாயிகளுக்கு என்ன சொல்வீர்கள்?

தர்மபுரிக்காரர் சொல்லும் 8 சதவீதம்: வேண்டாம். மாதம் 8 சதவீதம் கூட்டினால் 1 லட்சம் ஒரு வருடத்தில் இரண்டரை லட்சம். அதைத் தரக்கூடிய தொழில் எதுவும் அந்தக் காயினுக்குப் பின்னால் இருக்காது, புதிதாகச் சேருபவர் பணம்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அந்தக் காயினை உங்கள் சொந்த வாலட்டுக்கு இன்றே அனுப்பச் சொல்லிப் பாருங்கள். "ஆப்பிலேயே இருக்கட்டும், லாக்-இன் காலம் இருக்கு" என்று பதில் வரும். ஏற்கெனவே பணம் போட்ட தெரிந்தவர்கள் இருந்தால் 1930க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள், பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரச் சொல்லுங்கள். முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கடைசியாக வரிக் கணக்கு. தன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தன் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. யூஎஸ்டிடியைக் கொடுத்துப் பிட்காயின் வாங்குவது விற்பனைதான். ரூபாய் கைக்கு வராவிட்டாலும் டிடிஎஸ், வரி இரண்டும் உண்டு. பிட்காயினில் 1 லட்சம் லாபம், சின்னக் காயினில் 1 லட்சம் நஷ்டம் என்றால் உங்கள் கணக்கில் பூஜ்யம். வருமான வரியில் அப்படிக் கழிக்க இடமில்லை. அந்த 1 லட்சத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31,200 ரூபாய். கழிக்க விடுவது வாங்கிய விலையை மட்டும். அதனால் காயினை நகர்த்தும் முன், வாங்கிய தேதி, விலை, டிடிஎஸ் எல்லாம் உள்ள அறிக்கையை எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கி அச்செடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால், வாங்கிய விலைக்கு உங்களிடம் இருக்கும் சிட்டை அது ஒன்றுதான்.